எங்கள் சங்கம் முதன்முதலாக வாய் திறந்த நாள்

தலைக்கு மேலே இருந்து ஒரு குரல் அதட்டியது.

"ஆர் நீங்கள்? ஆரைக் கேட்டு வீட்டுக்குள்ள வந்தனீங்கள்?"

நாங்கள் நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தோம். தொண்டைமானாற்றில் ஒரு வீட்டின் முன்னறை அது. சுவரும் கூரையும் சந்திக்கிற மூலையில் கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளைக் கமரா. அதில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம். கதைத்தது அதுதான்.

எங்கள் தலைவி தவமணி அக்கா அந்தக் கமராவைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"வணக்கம் பிள்ளை. நாங்கள் தாதியர் சங்கத்திலயிருந்து வாறம்."

"எந்தச் சங்கம்?"

நியாயமான கேள்வி. எங்கள் சங்கத்தை எங்களைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கே அது எதற்காக இருக்கிறது என்று அன்று காலைவரை சரியாகத் தெரியாது.

நாங்கள் ஆர்?

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி போன கிழமை கடையில் வைத்து என்னை மறித்து, "நீங்கள் பெரியாசுப்பத்திரி நேர்ஸோ?" என்று கேட்டார். இல்லை. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

அரசாங்க ஆசுப்பத்திரியில் வெள்ளை உடுப்புடன் நிற்பவர்கள் வருடக்கணக்காகப் படித்துப் பதிவு பெற்றவர்கள். நாங்கள் மற்ற வகை. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, ஒரு சான்றிதழை பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக்கொண்டு வேலை தேடிப் போனவர்கள். தனியார் கிளினிக்கில் நிற்போம். பிள்ளைகள் எல்லாம் கடல் கடந்து போன வீடுகளில், தகப்பனையோ தாயையோ பார்த்துக்கொண்டு நிற்போம்.

நோயாளிகள் எங்களை "மிஸ்" என்பார்கள். டொக்டர் "பிள்ளை" என்பார். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்கு எங்களைப் பற்றிச் சொல்லும்போது "வேலைக்கு நிக்கிற பிள்ளை" என்பார்கள். ஒரே நாளில் இந்த மூன்று பெயருக்கும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்ட கழுத்து எங்களுடையது.

சங்கம் தொடங்க வேண்டும் என்று முதலில் சொன்னது தவமணி அக்கா. ஒரு தனியார் மருத்துவமனையில் முப்பது வருடம் போல நின்று ஓய்வு எடுத்தவர். அரியாலையில் வீடு. குரல் பெரிது, உடம்பும் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. கோபமும் அப்படித்தான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ரியூசன் கொட்டில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அதை எங்களுக்குத் தந்தார்கள். உயர்தரப் பிள்ளைகள் இருக்கிற ஒடுங்கிய வாங்குகளில் சேலையோடு நெருக்கிக்கொண்டு இருந்தோம். கரும்பலகையில் அன்று படிப்பித்த இரசாயனம் அழிக்கப்படாமல் கிடந்தது. அதற்குக் கீழே, ஒரு கதிரையில் தவமணி அக்கா.

முதல் மூன்று கூட்டமும் பெயருக்காகவே போயின. "தாதியர்" என்றால் ஜெகனை என்ன செய்வது என்பது ஒரு பிரச்சினை. எங்களில் அவன் ஒருவன்தான் ஆண். "அக்காமார், 'தாதியர்' எண்டதுக்குள்ள என்னையும் அடக்குங்கோ. எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை," என்று அவனே எழுந்து நின்று சொன்ன பிறகுதான் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. பிறகு றபர் முத்திரை செய்வித்தோம். வந்த முத்திரையில் "தாதியர்" என்பது "தாதியார்" என்று இருந்தது. மாமியாருக்குப் போட்டியாக ஒரு புது உறவு.

செயலாளர் நான். என் வேலை கூட்டக் குறிப்பு எழுதுவதும், தேத்தண்ணிக்கும் ரோல்ஸுக்கும் சொல்லி வைப்பதும். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்குப் பதிலாக இன்னொருத்தியை அனுப்புவோம். ஆருக்காவது கலியாணம் என்றால் எல்லோரும் சேர்ந்து போவோம். மற்றபடி எங்கள் சங்கம் ஒரு வட்ஸ்அப் குழுவாகத்தான் உயிர் வாழ்ந்தது. அதில் காலையில் ஆறு பேர் ஆறு பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார்கள்.

சத்தமில்லாத அரை நிமிடம்

ஒரு நாள் காலை அந்தக் குழுவில் பூவுக்குப் பதிலாக ஒரு வீடியோ வந்தது.

வயதான ஒருவர் கதிரையில் இருக்கிறார். முன்னால் மேசையில் ஒரு தலையணை. அதில் நெஞ்சைச் சாய்த்திருக்கிறார். பின்னால் நீலச் சட்டை போட்ட ஒரு பெண். அவளுடைய கை உயருகிறது, முதுகில் விழுகிறது, உயருகிறது, விழுகிறது. சத்தம் இல்லை. அரை நிமிடம் அதே காட்சி. ஆரோ புண்ணியவான் அந்தக் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு போட்டிருந்தார். கீழே ஒரு வசனம்: "வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பெற்றோர் படும் பாட்டைப் பாருங்கள்."

எங்களில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டும். இருமித் துப்ப அவர்களுக்குப் பலம் இராது. அதனால் கையைக் கிண்ணம் போலக் குவித்து, முதுகில் தாளம் போலத் தட்டி அந்தச் சளியை இளக்க வேண்டும். நாங்கள் முதல் மாதத்திலேயே பழகுகிற வேலை. ஆனால் சத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது அடிதான். தெரியாத ஒருவர் வேறு எப்படி நினைப்பார்?

நீலச் சட்டைக்காரி எங்கள் கலைவாணி. கூட்டங்களில் கடைசி வாங்கில் இருப்பவள். இருபத்தைந்து வயது வரும். கேட்டால் மட்டும் கதைப்பாள்.

அந்த ஐயா ஒரு காலத்தில் வள்ளங்களின் மெசின் திருத்தியவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மனைவி இல்லை. மகள் கௌரி கனடாவில். வீட்டில் சமைக்கிறதுக்கு அவருடைய தங்கச்சி பாக்கியம் மாமி, காது கொஞ்சம் மந்தம். கலைவாணி ஒரு வருடத்துக்கு மேலாக அங்கேயே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம் கௌரிக்கு வேலை தொடங்குகிற நேரம். வேலையிடத்தில் போனின் சத்தத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, மேசைக்குக் கீழே அந்த முன்னறைக் கமரா வழியாகத் தகப்பனைப் பார்ப்பாராம். அன்று பார்த்தது இதுதான். பதறிப்போய்ச் சொந்தக்காரருக்கு அனுப்பினார். சொந்தக்காரர் ஊருக்கு அனுப்பினார்கள்.

கலைவாணிக்கு வந்தது ஒரே ஒரு அழைப்பு. "நாளைக்கு நீர் நிக்கத் தேவையில்லை." ஏன் என்று அவள் கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். முன் இருக்கையில் இருந்த ஒரு மனிசி தன் போனையும் கலைவாணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தாராம். அப்போதுதான் அவளுக்கு விசயமே தெரியவந்தது.

அடுத்த கிழமை ஒரு கிளினிக்கில் வேலை கேட்டுப் போனாள். "பிறகு சொல்லுறம்" என்றார்கள்.

ஒரு மோதிரம்

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய கதை. நான் அப்போது கலைவாணியின் வயது.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீடு. தோட்டக்காரக் குடும்பம், வசதியான ஆட்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு இடுப்பு முறிவு. நான்தான் குளிப்பாட்டுவேன், உடுப்பு மாற்றுவேன், சீப்பால் தலை இழுத்துவிடுவேன். அவருடைய விரலில் ஒரு சிவப்புக்கல் மோதிரம். ஒரு நாள் அது விரலில் இல்லை.

என்னை ஒருவரும் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத விசயம். காலையில் தேத்தண்ணி வரவில்லை. மூத்த மருமகள் என் பையைக் கொண்டுவந்து படியில் வைத்தார். பையின் சிப் திறந்திருந்தது. உள்ளே என் உடுப்புகள் மடிப்புக் கலைந்து கிடந்தன. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். வெயில் ஏறிய தெருவில், செருப்பின் ஒரு வார் அறுந்து, காலை இழுத்து இழுத்து நடந்தது நினைவிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் மரக்கறி விற்கிற ஒருவர் சொன்னார், மோதிரம் தலையணை உறைக்குள் இருந்து கிடைத்ததாம். அதைச் சொல்லுவதற்கு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

இப்படிப்பட்ட நான், கலைவாணிக்காகக் கூடிய அவசரக் கூட்டத்தில் முதல் ஆளாக எழும்பி நின்று அவளுக்காகக் கதைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

நான் வேறு ஒன்று செய்தேன்.

அந்தக் கேள்வி

அன்று கொட்டில் நிறைந்திருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். பொலிசுக்குப் போவோம் என்றாள் ஒருத்தி. பேப்பருக்கு எழுதுவோம் என்றாள் இன்னொருத்தி. சங்கத்துக்குக் கெட்ட பெயர் வரும், பேசாமல் இருப்போம் என்று ஒரு பக்கம். ஜெகன் தன் போனை வைத்துக்கொண்டு, அது தட்டுகிற கைதான், அடிக்கிற கையின் விரல் இப்படி இராது என்று வாங்கு வாங்காகக் காட்டிக்கொண்டு போனான்.

நான் பேனையை மூடி வைத்துவிட்டு மெல்லச் சொன்னேன்.

"எல்லாம் சரி. ஆனா அவள் மெய்யாவே கோவத்தில அடிச்சிருந்தா? பிறகு எங்கடை எல்லாற்றை பேரும் போயிடுமெல்லோ?"

வாய்க்குள்ளிருந்து வந்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. சாவகச்சேரி வீட்டு மருமகளின் குரலில் நான் கதைத்திருந்தேன். எங்களுக்கும் சில நாட்களில் பொறுமை அறுந்துபோகும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பயம்தான் என்னைக் கேட்க வைத்தது.

தவமணி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொட்டிலின் கடைசிக்குப் பார்த்தார். கலைவாணி அங்கே இருந்தாள்.

"வாணி, இஞ்ச முன்னுக்கு வா."

வந்தாள். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"ஐயாக்கு அடிச்சனியோ?"

"இல்லை அக்கா."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் இல்லை. ஒரு நாள் சோத்தைத் துப்பினவர், அண்டைக்குச் சத்தம் போட்டனான். பிறகு குசினிக்குள்ள போய் அழுதனான்." அவள் நிமிர்ந்து எங்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். "நான் அடிக்கேல்லை."

தவமணி அக்கா எழும்பினார். "காணும். வாற ஞாயிறு தொண்டைமானாத்துக்குப் போறம். செயலாளரும் வாறா." கடைசி வசனம் எனக்கான தண்டனை என்று நினைக்கிறேன்.

கமராவுக்கு முன்னால்

ஆக, அந்த முன்னறையில் நின்ற நான்கு பேர் தவமணி அக்கா, ஜெகன், கலைவாணி, நான். பாக்கியம் மாமி எங்களைக் கண்டதும் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டார். நாங்கள் பின்னேரம் போனோம், கனடாவில் அப்போது விடியற்காலை. கௌரியின் குரலில் நித்திரை கலையாத கோபம் இருந்தது.

"அந்தப் பிள்ளையை ஏன் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? நான் என்ரை கண்ணாலை பாத்தனான்!"

தவமணி அக்கா பதில் சொல்ல வாய் திறந்தார். ஆனால் கலைவாணி எங்களையும் கவனிக்கவில்லை, கமராவையும் கவனிக்கவில்லை. சாய்மனைக் கதிரையில் கிடந்த ஐயாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அவருடைய நெஞ்சில் காதை வைத்திருந்தாள். எங்களுக்கும் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் கொர், கொர்.

"அக்கா," என்று மேலே பார்த்து அமைதியாகச் சொன்னாள், "ஐயாக்குச் சளி நல்லாக் கட்டிப்போச்சு. நான் போனாப் பிறகு ஒருத்தரும் தட்டேல்லைப் போல."

"தட்டுறதோ?"

"ஓம் அக்கா. அண்டைக்கு நீங்கள் பாத்தது அதுதான்."

ஜெகன் இதுதான் சமயம் என்று, "அக்கா, போனிலை சத்தத்தைக் கூட்டி வையுங்கோ. இப்ப செய்து காட்டுறம்," என்றான்.

"அப்பாவிலை தொடவேண்டாம்!"

"ஐயாவிலை இல்லை பிள்ளை, என்னிலை," என்றார் தவமணி அக்கா.

ஒரு கதிரையை இழுத்துக் கமராவுக்கு நேரே போட்டு, முதுகைக் காட்டி அமர்ந்தார். கதிரை ஒரு முறை முனகியது. பாக்கியம் மாமியின் தலையணை ஒன்றை மடியில் வைத்துக் குனிந்தார். கலைவாணி பின்னால் நின்றாள். முதல் நான்கு தட்டும் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல விழுந்தன.

"பலமாத் தட்டடி! நானென்ன பப்பாசிப் பழமே?"

பிறகு வந்தது சரியான தாளம். டொப், டொப், டொப், டொப். உள்ளே காற்று அடைபட்ட கையின் சத்தம். அடியின் சத்தம் அப்படி இராது. வீடு முழுக்கக் கேட்டது. காது மந்தமான பாக்கியம் மாமிகூடக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆர் கதவு தட்டுறது?" என்று கேட்டார்.

"நோகேல்லையோ?" கமராவின் குரல் மிகவும் சின்னதாகியிருந்தது.

"நோகிறதோ? கன காலமாக் கிடந்த முதுகுப் பிடிப்பு விட்டமாதிரிக் கிடக்கு. நிப்பாட்டாதை பிள்ளை," என்றார் தவமணி அக்கா, தலையணைக்குள் முகத்தைப் புதைத்தபடி.

கௌரி சிரித்துவிட்டார். சிரிப்பு நடுவழியில் வேறு ஏதோவாக மாறியது. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் மேலே இருந்து கேட்டது.

"அப்பாக்குச் செய்யும்," என்றார்.

ஜெகனும் நானும் ஐயாவை நிமிர்த்தித் தலையணையில் சாய்த்தோம். கலைவாணி தட்டத் தொடங்கினாள். வலப்பக்கம், இடப்பக்கம், மேலிருந்து கீழே இல்லை, கீழிருந்து மேலே. ஐயா கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம் போல ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இருமல். இன்னொன்று. அதற்குப் பிறகு தொடர்ச்சியாக, உடம்பெல்லாம் குலுங்க. நான் பிடித்த ஏனத்துக்குள் இரண்டு கிழமைச் சளி வந்து விழுந்தது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும், எங்கள் தொழிலில் அதைவிட அழகான காட்சி குறைவு.

ஐயா மூச்சை இழுத்தார். தடையில்லாமல் போய் வந்தது. வாய் கோணியபடி ஏதோ சொல்ல முயன்றார். எங்களுக்கு விளங்கவில்லை. கலைவாணி குனிந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"என்னவாம்?" என்றது கமரா.

"மெசின் ஸ்ராட்டாம் அக்கா."

பிறகு

கௌரியைப் பற்றி நான் கோபமாக எழுதலாம் என்றுதான் இந்த அத்தியாயத்தைத் தொடங்கினேன். முடியவில்லை. அவர் அன்று சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "நான் ஒரு நாளைக்கு இருவது தரம் அப்பாவைப் பாக்கிறன். பாக்க மட்டுந்தானே எனக்கு ஏலும்." சொல்லிவிட்டு, "கலைவாணி, என்னை மன்னிச்சுக்கொள்ளும்," என்றார். கமராவின் பச்சை வெளிச்சம் அசையாமல் அப்படியே இருந்தது. முகம் தெரியாத ஒரு மன்னிப்பு.

அன்றே உண்மையை எழுதிப் போட்டார். முதல் வீடியோ ஓடிய அளவுக்கு இது ஓடவில்லை. அதற்காகத் தவமணி அக்கா ஒரு கட்டளை போட்டார்: ஒரு கிழமைக்குப் பூப்படம் கூடாது, உறுப்பினர் எல்லோரும் தங்கள் தங்கள் குழுக்களில் இதைத்தான் போட வேண்டும். போட்டோம். எல்லோரையும் எட்டியிருக்காது. அந்தக் கிளினிக்கிலிருந்து மட்டும் கலைவாணிக்கு அழைப்பு வந்தது. அதற்குள் அவளுக்கு நேரமில்லை.

ஏனென்றால் கௌரி அங்கே வைத்தே, "நாளைக்கே வருவீரோ? கமராவைக் கழட்டச் சொல்லுறன்," என்று கேட்டிருந்தார்.

கலைவாணி உடனே தலையாட்டவில்லை. ஐயாவின் வாயைத் துடைத்து, சேட்டின் பொத்தானைப் போட்டுவிட்டு, எழும்பி நின்று கதைத்தாள். அவ்வளவு நீளமாக அவள் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

"வாறன் அக்கா. கமரா கிடக்கட்டும், நீங்கள் ஐயாவைப் பாக்கத்தானே வேணும். ஆனா சத்தத்தோட பாருங்கோ. விளங்காட்டி என்னைக் கேளுங்கோ. என்னைக் கேட்ட பிறகு மற்ற ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

"ஓம்," என்றது மேலே இருந்த குரல்.

பாக்கியம் மாமியின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு வந்தோம். தவமணி அக்கா ஜன்னல் பக்கம் இருந்து, அடுத்த கூட்டத்துக்கு என்ன பலகாரம் என்று ஜெகனுடன் சண்டை பிடித்தார். எனக்குப் பக்கத்தில் கலைவாணி. நீரேரிப் பக்கமிருந்து காற்று உப்போடு வந்தது.

"வாணி," என்றேன், "அண்டைக்குக் கூட்டத்தில அப்பிடிக் கேட்டது பிழை. எனக்கு மனம் சரியில்லை."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் தேடினேன். இல்லை.

"முதல்ல எனக்கும் சரியான கவலைதான் அக்கா," என்றாள். "பிறகு யோசிச்சுப் பாத்தன். கௌரி அக்கா கேக்கேல்லை. பஸ்ஸிலை அந்த மனிசி கேக்கேல்லை. கிளினிக்கிலையும் கேக்கேல்லை. எங்கடை வீட்டில அம்மாகூடக் கேக்கேல்லை, பயத்திலை. அண்டைக்கு நீங்கள் வாய் விட்டபடியாத்தானே தவமணி அக்கா என்னைக் கேட்டவ. 'இல்லை' எண்டு சொல்லுறதுக்கு எனக்கு அண்டைக்குத்தான் இடம் கிடைச்சுது."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலப் பையிலிருந்து கடலைச் சரையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

நான் ஒரு கை அள்ளிக்கொண்டேன். அச்சுவேலி வரும்வரை இரண்டு பேரும் கொறித்துக்கொண்டு வந்தோம்.